இடக்கரடக்கலும் குழந்தையின் சொல்லும்



பத்தாம் ஆண்டு விழாவுக்கு ஏற்ற பொருள் இதுதானா என்ற ஐயம் இந்த அவையில் சிலருக்கு எழக்கூடும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியிலும் மாலை நேர நடன வகுப்பிலும் பிள்ளைகளின் பாதுகாப்புக்கென வகுக்கப்படும் விதிகள் படிவங்களோடும் கோப்புகளோடும் சேர்ந்தவை. அவை நிருவாகக் குழுவின் வேலை. கவிதை எழுதுவோருக்கு அவற்றில் என்ன வேலை என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும் அந்த விதிகளைப் பொறுமையோடு படித்துப் பார்ப்பவருக்கு ஒன்று தெளிவாகும். அவற்றின் நடுவே இருப்பது ஒரு மொழிச் சிக்கல். தனக்கு நேர்ந்ததை ஒரு குழந்தை எந்தச் சொல்லால் சொல்லும், அச்சொல்லைக் கேட்ட பெரியவர் அதை என்ன செய்வார் என்பதே அது. சொல்லைத் தொழிலாகக் கொண்டோர் அதைப் பிறரிடம் விட்டுவிட்டு ஒதுங்க இயலாது.

இவ்வுரை இங்கிலாந்து நாட்டைச் சான்றாகக் கொள்கிறது. விதிகள் எந்தத் துயரங்களிலிருந்து பிறந்தன என்பதை ஆண்டு குறித்துக் காட்டக்கூடிய நாடு அது. 1983-ஆம் ஆண்டின் இனக்கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து பெருந்தொகையாக வந்து குடியேறிய தமிழர்கள், தங்குவதற்கு வீடு தேடிய கையோடு பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளியையும் தேடிய நாடும் அதுவே. வார நாளில் ஆங்கிலப் பள்ளியாக இயங்கும் கட்டடத்தைச் சனிக்கிழமைக்கு வாடகைக்கு எடுப்பார்கள். அது கிடைக்காவிடில் தேவாலய மண்டபம். ஆசிரியர்கள் கணக்காளர்கள், பொறியியலாளர்கள், கடை நடத்துவோர், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் தாய்மார்கள். பெரும்பாலோர்க்கு ஊதியம் இல்லை. கிடைப்பது போக்குவரத்துச் செலவுதான். தமிழ் வகுப்பு முடிந்ததும் அதே கட்டடத்தில் பரதம், மிருதங்கம், வாய்ப்பாட்டு. இவ்வாறு தம் ஓய்வு நாளை இருபது, முப்பது ஆண்டுகள் கொடுத்த ஒருவரிடம் ஒரு நாள் ஒரு படிவத்தை நீட்டி, "உங்கள் மீது குற்றப் பதிவு ஏதும் உண்டா என்று காவல்துறையிடம் கேட்க வேண்டியிருக்கிறது, கையொப்பம் இடுங்கள் ஐயா" என்று சொன்னால் அவர் முகம் எப்படி மாறும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. அந்த மனவருத்தத்தை எள்ளி நகையாடுவது முறையன்று. அதற்கு மறுமொழி சொல்வதே முறை.

ஆசிரியரைச் சோதித்து ஏற்பது மேலைநாட்டார் கொண்டுவந்த புதுமை என்று எண்ணுவோர் நன்னூலை ஒருமுறை புரட்டுவது நன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தியார் எழுத்தையும் சொல்லையும் பேசத் தொடங்குமுன், பொதுப்பாயிரத்தில் ஆசிரியரை நிறுத்தி அளக்கிறார். நிலம், மலை, நிறைகோல், மலர் என்று நல்லாசிரியருக்கு உவமை சொன்ன கையோடு, ஆசிரியர் ஆகாதார் யார் என்று தனியே ஒரு பகுதியும் வகுத்துவிடுகிறார். பொறாமை, பேராசை, வஞ்சம், கேட்போர் அஞ்சும்படி பேசுதல் ஆகியன அங்கே இடம்பெறுகின்றன. நல்லாசிரியர் தகுதிகளில் குலத்தையும் சேர்த்தது அக்காலத்தின் குறை. அதைப் பாராட்ட வேண்டியதில்லை. ஆனால் யாரும் ஆசிரியராகலாம் என்று அந்நூல் விட்டுவிடவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

அதே பாயிரத்தில் மாணாக்கர் ஆசிரியரிடம் எவ்வாறு பழக வேண்டும் என்பதற்கு ஓர் உவமை வருகிறது. குளிர்காய்பவன் தீயை விட்டு விலகவும் மாட்டான், மிக நெருங்கவும் மாட்டான். அதுபோல் என்கிறார் நூலாசிரியர். அழகிய உவமை, அளவான தூரத்தின் இலக்கணம். ஆயினும் அந்தத் தூரத்தைக் காக்கும் பொறுப்பு அங்கே மாணாக்கன் தலையில் வைக்கப்பட்டிருக்கிறது. சுடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியவன் குளிர்காய வந்தவன்தான். தீக்கு எந்தக் கடமையும் சொல்லப்படவில்லை. இன்றைய பாதுகாப்பு விதிகள் செய்திருப்பது ஒரே ஒரு மாற்றம். தூரத்தைக் காக்கும் பொறுப்பை அவை பெரியவரிடம் மாற்றி வைத்திருக்கின்றன. ஏழு வயதுக் குழந்தை அளவறிந்து விலகி நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது இனி இயலாது. மரபுக்கும் விதிக்கும் உள்ள வேறுபாடு உண்மையில் இந்த ஓரிடத்தில்தான் இருக்கிறது. மற்றவை எல்லாம் விவரங்கள்.

அந்த விவரங்களுள் முதலாவது, மேலே சொன்ன குற்றப் பதிவுச் சோதனை. 2002-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கேம்பிரிட்ஜ்சயரில் சோகம் என்ற சிற்றூரில் பத்து வயதுச் சிறுமியர் இருவர் கொல்லப்பட்டனர். ஊரின் பெயர் தமிழ்ச் செவிக்கு அப்படித்தான் கேட்கிறது. கொன்றவன் அவ்வூர் மேல்நிலைப் பள்ளியின் காவலாளி. அதற்கு முன் வேறொரு மாவட்டத்தில் அவன்மீது அடுத்தடுத்துப் புகார்கள் எழுந்திருந்தன; அந்தச் செய்தி அவனை வேலைக்கு எடுத்த பள்ளியை எட்டவில்லை. 2004-ஆம் ஆண்டு வெளிவந்த பிச்சர்ட் விசாரணை அறிக்கை இந்த ஓட்டையைச் சுட்டியது. 2006-ஆம் ஆண்டுச் சட்டம் அதன் வழி வந்தது. 2012 டிசம்பரில் டி.பி.எஸ். எனப்படும் இன்றைய அமைப்பு உருவாயிற்று. தொண்டராகப் பணிபுரிவோர்க்கு இச்சான்றிதழ் கட்டணமின்றி வழங்கப்படுகிறது.

சான்றிதழ் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதையும் அறிய வேண்டும். அது வெறுமையாக வந்தால், அன்றுவரை எந்தப் பதிவும் இல்லை என்பது மட்டுமே பொருள். இவர் நல்லவர் என்று அது சொல்லவில்லை. வேறு நாட்டில் நடந்தவை அதில் பெரும்பாலும் வாரா. சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ விழாவுக்கு வரும் கலைஞருக்கு அத்தகைய தாள் இராது. பல தமிழ் அமைப்புகள் சான்றிதழைக் கோப்பில் சேர்த்த அன்றே பாதுகாப்பு முடிந்தது என்று அமைதி கொள்கின்றன. கதவுக்குப் பூட்டுப் போட்டாயிற்று என்று சாளரத்தைத் திறந்து வைத்துவிட்டு உறங்குவதற்கு இது ஒப்பாகும்.

2020 அக்டோபரில் இங்கிலாந்துக் கல்வித் துறை பள்ளி நேரத்துக்கு வெளியே நடக்கும் வகுப்புகளுக்கென ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. பின்னர் அது திருத்தவும் பெற்றது. தாய்மொழிப் பள்ளிகள், தனிப்பாட வகுப்புகள், கலை வகுப்புகள் யாவும் அதனுள் அடங்கும். சட்ட வலுவில்லாத அறிவுரையாகவே அது வெளிவந்தது. பெயர் குறித்த பாதுகாப்புப் பொறுப்பாளர் ஒருவர் இருத்தல், அவர் அதற்கெனப் பயிற்சி பெற்றிருத்தல், எழுதப்பட்ட நடத்தை நெறி, முறையிடும் வழி, ஒவ்வொரு பிள்ளைக்கும் அவசரத் தொடர்பு எண், இணைய வகுப்புக்கான ஒழுங்கு என்று அது விரிகிறது. என்.எஸ்.பி.சி.சி. எனப்படும் சிறுவர் பாதுகாப்புச் சங்கம் நான்கு முதல் எட்டு வயதுவரை ஆறு பிள்ளைகளுக்கு ஒருவர், ஒன்பது முதல் பன்னிரண்டுவரை எட்டுப் பேருக்கு ஒருவர் என்று பெரியவர்களின் தொகையையும் பரிந்துரைக்கிறது. இருபத்தைந்து குழந்தைகளை ஓர் ஆசிரியையிடம் விட்டுவிட்டுப் பெற்றோர் கடைத்தெருவுக்குப் போகும் சனிக்கிழமைகளை அறிந்தோர் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். மற்ற நெறிகள் எளியவை: வகுப்பறைக் கதவு திறந்திருத்தல், மாணவருக்குத் தனிப்பட்ட கைப்பேசிச் செய்தி அனுப்பாமை, தனியே வண்டியில் ஏற்றிச் செல்லாமை. தந்தை வரத் தாமதமானால் ஆசிரியர் இருவர் காத்திருக்க வேண்டும்.

ஓரிடத்தில் மட்டும் கலைஞர்கள் உண்மையாகவே இடர்ப்படுகிறார்கள். அங்குச் சற்று நின்று பேச வேண்டும். அரைமண்டி சரியாக அமையாத பிள்ளையின் முழங்காலைத் தொட்டுத் திருத்தாமல் நடனம் கற்பிக்க இயலுமா? மிருதங்கத்தில் விரல் விழும் இடத்தைக் கைபிடித்துக் காட்டாமல் சொல்லிக்கொடுப்பது எப்படி? தொடுதலே தவறு என்று எந்த விதியும் சொல்லவில்லை. தமிழ்ப் பிள்ளையின் கல்வியே ஒரு தொடுதலில்தான் தொடங்குகிறது. விசயதசமி அன்று ஏடு தொடக்கும்போது ஆசிரியர் குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் அகரம் எழுதுவிக்கிறார். அப்போது குழந்தை தாயின் அல்லது தந்தையின் மடியில் இருக்கிறது. சுற்றிலும் உற்றார் நிற்கின்றனர். என்ன நடக்கப்போகிறது என்பது எல்லார்க்கும் தெரியும். குழந்தை அழுதால் சற்று நிறுத்திப் பின் தொடர்கிறார்கள். விதி கேட்பது இவ்வளவுதான். பலர் முன்னிலையில், இன்னதற்காகத் தொடுகிறேன் என்று சொல்லி, பிள்ளையின் இசைவைக் கேட்டு, வேண்டாம் என்றால் நிறுத்தி. மறைவில் நடக்கும் தொடுதலுக்கும், ஏன் என்று சொல்ல முடியாத தொடுதலுக்கும் கலையைச் சாட்டாக்க இயலாது. விழா நாளில் ஆடை மாற்றும் அறையில் யார் நுழையலாம் என்பதும் இதில் சேரும். ஒப்பனைக் கலைஞர், படம் எடுப்பவர், விழாக் குழுவினர் என்று அந்த அறைக்குள் போய் வருவோரை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இங்கே சட்டத்தின் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதினாறு, பதினேழு வயதினர் உறவுக்கு இசையும் வயதை எட்டியவராயினும், அவர்களின் பள்ளி ஆசிரியர் அவர்களோடு பாலுறவு கொள்வது குற்றம்; நம்பிக்கைக்குரிய பதவியைத் தவறாகப் பயன்படுத்துதல் என்பது அதன் அடிப்படை. 2022-ஆம் ஆண்டு இது விரிவாக்கப்பட்டபோது விளையாட்டுப் பயிற்றுநரும் சமய போதகரும் சேர்க்கப்பட்டனர். நடனம், இசை, நாடகம், மொழி ஆகியவற்றைப் பள்ளிக்கு வெளியே கற்பிப்போர் அந்த விரிவில் இடம்பெறவில்லை. குருவின் சொல்லே வேதம் என்று அரங்கேற்றம்வரை பத்தாண்டு பணிந்து நிற்கும் நடன மாணவியைவிட, வாரம் ஒருமுறை பந்து விளையாடும் பிள்ளை எவ்வகையில் கூடுதலாகக் கட்டுண்டவர் என்று கேட்கத் தோன்றுகிறது. சட்டம் பேசாத இடத்தில் அமைப்புகளின் சொந்த நடத்தை நெறியே பேச வேண்டும்.

இனிச் சொல்லுக்கு வருவோம்.

சொல் வழங்கும் முறையை இயல்பு வழக்கு, தகுதி வழக்கு என்று இரண்டாகப் பிரித்த இலக்கணத்தார், தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று மூன்றாக்கினர். அவையில் சொல்லத் தகாததை வேறு சொல்லால் மறைத்துச் சொல்லுதல் இடக்கரடக்கல். சுடுகாட்டை நன்காடு என்பது மங்கலம். பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பது குழூஉக்குறி. பண்பட்ட சமுதாயத்தின் அடையாளங்கள் என்று வகுப்பில் இவற்றைப் பெருமையோடு கற்பிக்கிறார்கள். ஒரு குழந்தைக்குத் தீங்கு நேர்ந்த இடத்தில் இம்மூன்றும் என்ன செய்கின்றன என்பதைக் கவிஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதல் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் உடலுறுப்புகளைக் காட்டும் பக்கம் ஒன்று இருக்கும். தலை, கண், மூக்கு, வாய், கை, வயிறு என்று இறங்கி வரும் அப்பாடம் வயிற்றிலிருந்து முழங்காலுக்குத் தாவிவிடுகிறது. நடுவே ஒன்றும் இல்லை. வீட்டிலும் "அந்த இடம்" என்ற சுட்டுச் சொல்தான். ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் குழந்தைக்கு ஆங்கிலப் பெயர் தெரிந்திருக்கலாம். பாட்டியிடமோ தமிழ் ஆசிரியையிடமோ சொல்ல வாய் திறக்கும்போது அதற்குச் சொல் இல்லை. சொல் இல்லாத இடத்தில் குழந்தை வயிற்று வலி என்கிறது. வயிற்று வலிக்கு ஓமத்தண்ணீர் கிடைக்கிறது. இடக்கரடக்கல் பெரியோர் அவைக்குப் பொருந்தும் நாகரிகம். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது வாய்ப்பூட்டு.

மங்கலம் வேறு வகையானது. அது நிருவாகக் குழுக்களின் நடை. பிள்ளைகளோடு தகாதபடி நடந்தார் என்று பேச்சு எழுந்த ஆசிரியர், கூட்டக் குறிப்பில் "சொந்தக் காரணங்களால் பணியிலிருந்து விலகினார், அவரது சேவைக்குக் கழகம் நன்றி தெரிவிக்கிறது" என்று எழுதப்படுகிறார். மாலையும் போடப்படும். அடுத்த ஆண்டு வேறோர் ஊரின் வகுப்பில் அவர் தமிழ் கற்பித்துக்கொண்டிருப்பார். மானத்தைக் காத்ததாகக் குழுவினர் எண்ணிக்கொள்கின்றனர். ஆனால் மேலே சொன்ன 2006-ஆம் ஆண்டுச் சட்டம் இதைக் கருத்து வேறுபாட்டுக்கு விட்டுவைக்கவில்லை. பிள்ளைகளுக்குத் தீங்கு செய்ததாகவோ செய்யக்கூடுமென்றோ கருதி ஒருவரைக் கற்பிக்கும் பணியிலிருந்து நீக்கினால் அதை டி.பி.எஸ். அமைப்புக்கு அறிவிப்பது கட்டாயக் கடமை. நீக்குமுன் அவரே விலகிக்கொண்டாலும் அக்கடமை நீங்காது. நன்றி நவிலும் அந்த ஒற்றை வாக்கியத்தைக் குழுக்களுக்கு எழுதிக் கொடுத்தவர் எங்கோ ஒரு தமிழறிந்தவராகத்தான் இருந்திருப்பார்.

குழூஉக்குறியோ தீங்கு செய்பவனின் கருவி. "இது நமக்குள் இருக்கட்டும்", "இது நம் விளையாட்டு", "அம்மாவிடம் சொன்னால் அம்மா அழுவாள்" என்று குழந்தையோடு இருவர் மட்டுமே அறிந்த ஒரு மொழியை அவன் உண்டாக்குகிறான். முதலில் சிறு பரிசு, பிறகு சிறு மறைப்பு, பிறகு பெரிது. அவன் பெரும்பாலும் முகமறியாத அயலான் அல்லன். குடும்பம் அறிந்தவன், பெரும்பாலும் குடும்பம் மதிப்பவன்.

இவற்றோடு ஊர்வழக்கின் இன்னொரு சொல்லும் சேர்கிறது: கோள். "கோள் சொல்லாதே" என்று அதட்டப்படாமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை அரிது. அண்ணன் மிட்டாயைப் பறித்தான் என்பதும் கோள். மாமா இப்படிச் செய்தார் என்பதும் கோள். கோளுக்கும் முறையீட்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பெரியவர் சொல்லித் தரவில்லையாயின் குழந்தை எங்கே கற்கும்? மனுநீதிச் சோழன் கதையை ஆண்டுதோறும் மேடையேற்றுகிறார்கள். அந்த ஆராய்ச்சி மணியின் கயிறு ஒரு பசுவின் கொம்புக்கு எட்டும் உயரத்தில் தொங்கியது என்பதைக் கவனித்தவர் குறைவு.

மாமா என்ற சொல்லையும் விட்டுவிட முடியாது. புலம்பெயர்ந்த வாழ்வில் உறவுகள் தொலைவில் இருப்பதால், பெற்றோரின் நண்பர் எல்லாரும் மாமா, மாமி, சித்தப்பா ஆகின்றனர். அன்பான வழக்கம்தான். அதனோடு "மாமாவுக்கு ஒரு முத்தம் கொடு" என்ற கட்டளையும் வருகிறது. குழந்தை தாயின் பின்னே ஒளிந்தால் "வெட்கப்படுகிறாள்" என்று எல்லாரும் சிரிக்கிறார்கள். உன் உடம்பு உன்னுடையது, வேண்டாம் என்றால் வேண்டாம் என்பதே அன்று குழந்தை அறிய வேண்டிய பாடம். அதற்கு நேர்மாறான பாடம் விருந்தினர் முன்னிலையில் நடத்தப்படுகிறது.

பணிவு எப்படித் தவறாகப் படிக்கப்படும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இலண்டனில் விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி, தன்னை வளர்க்க அழைத்து வந்த உறவுப் பெண்மணியும் அவளுடன் வாழ்ந்தவனும் செய்த கொடுமையால் இறந்தாள். ஐவரி கோஸ்டு நாட்டிலிருந்து வந்த குழந்தை அவள். 2003-இல் வெளியான லேமிங் பிரபுவின் விசாரணை அறிக்கையில் ஒரு செய்தி இருக்கிறது. அவர்கள் முன்னிலையில் அச்சிறுமி அசையாமல் நிமிர்ந்து நின்றதைப் பற்றிக் கேள்விப்பட்ட சமூகப் பணியாளர், கறுப்பினக் குடும்பங்களில் பெரியோருக்குக் காட்டும் மரியாதை அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டார். அது மரியாதை அன்று, நடுக்கம். வகுப்பில் கைகட்டி வாய்பொத்தி நிற்கும் பிள்ளையைக் கண்டு பண்பாடு வாழ்கிறது என்று மகிழும் பெரியோருக்கும் இச்செய்தி உரியது. அடித்து வளர்க்கும் பழமொழிகளை இன்னும் மேற்கோள் காட்டுவோருக்கு ஒரு குறிப்பு மட்டும் போதும். பிரிட்டனில் அரசுப் பள்ளிகளில் அடித்தல் 1987-ஆம் ஆண்டே நின்றுவிட்டது. வாரத்தில் சில மணி நேரமே நடக்கும் வகுப்புகள் சட்டத்தின் ஓர் இடுக்கில் தப்பியிருந்ததை 2010-இல் சர் ராஜர் சிங்கிள்டன் அரசுக்கு அளித்த அறிக்கை சுட்டி, அங்கும் தடை வேண்டும் என்று பரிந்துரைத்தது.

சரி, குழந்தை ஒரு நாள் வாய் திறக்கிறது. கேட்பவர் என்ன செய்ய வேண்டும்? பயிற்சி வகுப்புகளில் சொல்லப்படுவது சுருக்கமானது, செய்வதற்குத்தான் கடினமானது. குறுக்கிடாமல் கேட்க வேண்டும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கலாகாது. அவர் இங்கே தொட்டாரா, அங்கே தொட்டாரா என்று விடையை உள்ளே வைத்த வினாக்களைக் கேட்கலாகாது. அது பின்னர் நீதிமன்றத்தில் குழந்தையின் சொல்லையே குலைத்துவிடும். சொன்னது நல்லது என்று குழந்தைக்குக் கூற வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரை அழைத்து விசாரிக்கும் வேலை குழுவினுடையது அன்று. ஊர்ப் பெரியோர் நால்வர் கூடிச் சமரசம் பேசுவது தீங்கினும் தீங்கு. பொறுப்பாளருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். கற்பிப்பவர் மீதான புகாராயின் உள்ளாட்சி மன்றத்தில் அதற்கென நியமிக்கப்பட்ட அலுவலருக்கு ஒரு வேலை நாளுக்குள் செய்தி போக வேண்டும். ஆபத்து கண்முன் இருந்தால் காவல்துறைக்கு.

பிறகு எழுதுதல். குழந்தை சொன்ன சொல்லை, சொன்ன மொழியில், சொன்னபடியே அன்றே எழுதி, நாளும் நேரமும் குறித்துக் கையொப்பமிட வேண்டும். இங்கேதான் தமிழாசிரியரின் கை தடுமாறுகிறது. பாதி ஆங்கிலமும் பாதி தமிழுமாகக் குழந்தை சொன்ன கொச்சையைத் திருத்தி எழுதும் பழக்கம் அவருக்கு முப்பதாண்டுப் பழக்கம். "மாமா கூசற மாதிரிப் பண்ணினார்" என்ற சொற்றொடர் அவர் கையில் "முறைகேடாக நடந்துகொண்டார்" என்று ஆகிவிடுகிறது. இலக்கணம் சரியாகிவிட்டது, சான்று அழிந்துவிட்டது. ஒற்றுப்பிழையோடும் பால்மயக்கத்தோடும் அந்த வாக்கியம் அப்படியே தாளில் ஏற வேண்டும். நல்ல கவிஞனுக்கு இது புதிதாக இராது. பிறர் சொல்லைத் தன் சொல்லால் மூடாதிருத்தல் அவன் கற்ற ஒழுக்கம்தான்.

சிறுவர் மீதான பாலியல் கொடுமை பற்றி இங்கிலாந்தில் அமைக்கப்பட்ட சுதந்திர விசாரணைக் குழு, சிறுபான்மை இனத்தவரிடையே நடத்திய ஆய்வொன்றை 2020-இல் வெளியிட்டது. "இதைப் பற்றி மக்கள் பேசுவதில்லை" என்ற பொருள்பட அதற்குத் தலைப்பிட்டிருந்தார்கள். மானம், ஊர்ப்பேச்சு, சமுதாயத்தின் பெயர் கெடும் என்ற அச்சம் ஆகியவை வாயடைத்ததை அது எடுத்துரைக்கிறது. தாயகத்திலும் நிலை வேறன்று. இந்தியாவில் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், இத்தகைய குற்றம் நடந்ததை அறிந்தும் அறிவிக்காமல் இருப்பதையே தண்டனைக்குரியதாக்கியது. இலங்கையில் 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்த் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை அமைந்தது. சட்டங்கள் முறையிடும் வழியைத் திறக்கின்றன. முறையிடும் சொல்லைக் கொடுப்பது மொழியின் வேலை.

இத்தகைய இலக்கிய வட்டங்களுக்கும் இதில் நேரடிப் பொறுப்பு உண்டு. பேச்சுப் போட்டி, கவிதை ஒப்புவித்தல், சிறுவர் நாடகம் என்று ஆண்டுதோறும் பிள்ளைகள் மேடைக்கு அழைக்கப்படுகிறார்கள். நிகழ்ச்சி இரவு பத்து மணிவரை நீள்கிறது; மேடைக்குப் பின்னால் பிள்ளைகள் யாருடைய பொறுப்பில் என்பது யாருக்கும் தெரியாது. பெற்றோர் அரங்கில் இருக்கிறார்கள் என்று குழுவும், குழு பார்த்துக்கொள்கிறது என்று பெற்றோரும் நம்பி இருக்கிறார்கள். நடுவராக வரும் புலவர் எத்துணைப் பெரியவராயினும் ஒரு பிள்ளையோடு தனி அறையில் இருக்கும்படி நேராமல் பார்த்துக்கொள்வது அவருக்கும் காப்பு. வருகை ஏடு ஒன்று, பொறுப்பாளர் இருவர், அவர்களின் பெயரும் எண்ணும் எழுதிய அட்டை ஒன்று பிள்ளைகளின் கண்மட்டத்தில். செலவு மிகச் சிறிது.

கவிஞர்களிடம் கேட்க வேண்டியது இன்னொன்று. 2013-ஆம் ஆண்டு என்.எஸ்.பி.சி.சி. சங்கம் சிறுபிள்ளைகளுக்கென ஐந்து கருத்துகளை ஓர் ஆங்கிலச் சொல்லின் ஐந்து எழுத்துகளில் கோத்துப் பரப்பியது. உள்ளாடை விதி என்று அதைக் கூறலாம். உள்ளாடை மறைக்கும் இடம் உனக்கே உரியது. உன் உடம்பு உன்னுடையது. வேண்டாம் என்றால் வேண்டாம். மனத்தை வருத்தும் மறைவைச் சொல்லிவிடு. வாய்விட்டுச் சொல், துணை உண்டு. ஆங்கிலத்தில் எழுத்து விளையாட்டாக இருப்பதால் அதை அப்படியே தமிழில் பெயர்க்க இயலாது. பெயர்த்தால் அறிவிப்புப் பலகை போல் ஆகிவிடும். தமிழில் அது பாட்டாகத்தான் பிறக்க வேண்டும். நிலாவையும் காக்கையையும் யானையையும் குழந்தைக்குப் பாடிக்கொடுத்த மொழி இதற்கும் ஒரு பாட்டுத் தர முடியும். ஆறு வயதுப் பிள்ளை ஒரே வகுப்பில் மனப்பாடம் செய்யும்படி எட்டு அடிக்கு மேற்படாதிருத்தல் நன்று. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கும் மதுரைப் பிள்ளைக்கும் விளங்கும் சொற்களாக இருத்தல் வேண்டும். உறுப்புகளின் பெயர் வெட்கமின்றி வர வேண்டும். அச்சமூட்டலாகாது, கைதட்டிப் பாடும் சந்தம் வேண்டும். "மாட்டேன்" என்ற சொல் ஒரு முறையேனும், வகுப்பு முழுவதும் சேர்ந்து உரக்கச் சொல்லும் இடத்தில், அடியின் தொடக்கத்தில் வர வேண்டும்.